பின்னர் மாற்ற வாய்ப்பு அதிகம்

‘உங்களுக்குத் தெரியுமா? கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் கோப்பு சேமிக்கப்படும்.’

இந்த வரியை எழுதியவள் நான்தான். கணினியைத் திறந்ததும் மூலையில் ஒரு மஞ்சள் கட்டம் எழும்பி, இருபது வருஷமாகத் தட்டச்சு செய்கிற ஆளிடம் இதைப் போய்ச் சொல்லும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டத்தை மூடுவார். தினமும் காலையில் இப்படி முப்பதாயிரம் பேர், முகம் தெரியாத என்னைத் திட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார்கள்.

எங்கள் கம்பெனி கோயம்புத்தூர் பீளமேட்டில் இருக்கிறது. அச்சகங்களுக்கான ‘அச்சாணி’ என்ற மென்பொருள் எங்களுடையது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று கொங்குப் பக்கம் வீட்டுக்கு வருவதிலும் சுவரில் ஒட்டுவதிலும் பாதிக்குமேல் அதில்தான் உருவாகிறது. அதில் வரும் உதவிக் குறிப்புகளை எழுதுவது என் வேலை. பெயர் சுலோச்சனா, வயது நாற்பத்தெட்டு, கோபம் சீக்கிரம் வரும்.

குறிப்பு எழுதுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும். இரண்டு வரிக்குமேல் போகக் கூடாது. வாத்தியார் மாதிரிப் பேசக் கூடாது. தப்பு உன்னுடையது என்று விரல் நீட்டக் கூடாது. மூடுகிற பெருக்கல் குறி பளிச்சென்று தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாளைக்கு ஒரே ஒரு குறிப்புதான். அதற்குமேல் வந்தால் அது உதவி இல்லை, உபத்திரவம். இதையெல்லாம் பத்து வருஷம் சண்டை போட்டு நானே சட்டமாக்கி வைத்திருந்தேன்.

ஆனாலும் தேவையில்லாத நேரத்தில் வருகிற குறிப்பை எவ்வளவு அழகாக எழுதினால் என்ன. “தேவைப்படற நேரத்துல மட்டும் வர வை. இல்லாட்டி இந்தக் கட்டத்தையே தூக்கிப் போடு” என்று அப்சலிடம் சத்தம் போட்டேன். அப்சல் எங்கள் பொறியாளர். திட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டான், நிஜமாகவே செய்து முடித்துவிடுவான். அதுதான் அவனிடம் உள்ள ஆபத்து.

மூன்று மாதம் கழித்து வந்து நின்றான்.

“சுலோக்கா, பண்ணிட்டேன்.”

“என்னத்தை?”

“எல்லாரும் எதையாவது அடிக்கறாங்க, அப்பறம் அன்டூ போட்டு அழிக்கறாங்க. அந்த அன்டூ எல்லாத்தையும் பத்து வருசமா நாம சேர்த்து வெச்சிருக்கோம். அழிக்கப்போற எழுத்தை அடிக்கறப்பவே கை வேற மாதிரி போகுதுக்கா. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல ஒரு சின்ன இழுப்பு. அடிக்கறவங்களுக்கே அது தெரியாது. மெஷின் கண்டுபிடிச்சிருது.”

“கண்டுபிடிச்சு?”

“நாளைக்கு நீங்க எதை மாத்தப்போறீங்கன்னு இன்னைக்கே சொல்லிரும். நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு தடவை சரியா இருக்குது.”

“மிச்சம் ஆறு?”

“மனுசங்கன்னா அப்படித்தானேக்கா.”

“அவங்க அன்டூவைச் சேர்த்து வெச்சுக்கறோம்னு யாரைக் கேட்டோம்?”

“நிபந்தனைகள்ல போட்டிருக்குது. எல்லாருமே ஒத்துக்கிட்டாங்க.”

“எத்தனை பேர் படிச்சாங்க?”

“யாருமே படிக்கலைக்கா” என்றான், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

நான் அப்போதே மறித்திருக்க வேண்டும். மறிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆயுளில் ஒரு தடவையாவது ஒருத்தர் என் குறிப்பைப் படித்துவிட்டு ‘அட’ என்று சொல்ல வேண்டும். அன்றைக்கே உட்கார்ந்து வாசகத்தை எழுதினேன்: ‘இதைப் பின்னர் மாற்ற வாய்ப்பு அதிகம். இப்போதே ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமே.’ இரண்டே வரி. அதட்டல் இல்லை, குத்திக்காட்டல் இல்லை. நான் எழுதியதிலேயே இதுதான் நன்றாக அமைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் சில கடைகளுக்கு மட்டும் அனுப்பினோம். ஈரோட்டில் ஒரு பத்திரிகையில் முகூர்த்தத் தேதி வருவது வியாழக்கிழமை, அடித்திருந்த கிழமையோ வெள்ளி. மஞ்சள் கட்டம் சரியாக அந்த வரிமேல் வந்து நின்றது. பவானியில் தாய்மாமன் பெயரையே விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் மணமேடையில் மாப்பிள்ளை இல்லாமல்கூடச் சமாளிக்கலாம், பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இல்லாமல் முடியாது. பெருந்துறையில் ஒரு கண்ணீர் அஞ்சலியில் இறந்துபோன அண்ணனுக்குப் பதில், போஸ்டர் அடிக்கக் கொடுக்க வந்த தம்பியின் படமே ஏறியிருந்தது. அந்த இடங்களில் வேலை செய்தவர் கை ஒரு நொடி இழுத்திருக்க வேண்டும், எல்லாவற்றையும் அது பிடித்தது. தப்பிப் பிழைத்த தம்பி கம்பெனிக்கு ஒரு பெட்டி மைசூர்பா அனுப்பினார். குறிப்புக்காக எனக்கு இனிப்பு வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அடுத்த வாரம் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் மயூரி அச்சகம் கிட்டுசாமி, எங்கள் பழைய வாடிக்கையாளர்.

“அம்மணி, ஒரு குடியைக் கெடுத்துப்போட்டீங்களே.”

விஷயம் இதுதான். அர்த்தநாரி என்பவர் தன் மகள் மிருதுளாவின் கல்யாணப் பத்திரிகைக்காகக் கிட்டுசாமி கடைக்கு வந்திருக்கிறார். பத்திரிகை சரிபார்ப்பது எங்கள் ஊரில் தனி ஆள் வேலை இல்லை. இரண்டு வீட்டிலிருந்தும் பதினொரு பேர். எந்தப் பெரியப்பா பெயர் மேலே, எந்தச் சித்தப்பா பெயர் கீழே என்று எல்லோரும் பார்க்க வேண்டுமே. அதற்காகக் கிட்டுசாமி சுவரில் ஒரு பெரிய டிவியை மாட்டி, தான் அடிப்பதெல்லாம் அதில் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். மாப்பிள்ளை பிரகதீஷின் பெயரை அவர் அடித்து முடித்ததும், டிவியில், பதினொரு பேர் பார்க்க, மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்திலேயே என் மஞ்சள் கட்டம் வந்து நின்றது.

‘இதைப் பின்னர் மாற்ற வாய்ப்பு அதிகம்.’

கிட்டுசாமி தொடர்ந்தார். “மாப்பிள்ளையோட தாய்மாமன் சின்னச்சாமி எந்திரிச்சு, ‘ஏனுங்க மச்சான், வேற எடத்துலயும் பேசிட்டு இருக்கறீங்களா’ன்னு கேட்டாரு. அர்த்தநாரி முகம் செத்துப்போச்சுங்க. பொண்ணுக்கு வேற யாரோ இருக்கறாங்களாட்ட இருக்குது, அதான் கம்பியூட்டரே சொல்லுதுன்னு இப்ப ஊரெல்லாம் பேச்சு. இன்னும் மூணே வாரந்தான் இருக்குது. கல்யாணம் நின்னுரும்போல. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லோணும்.”

பத்து வருஷமாக யாருடைய மனமும் புண்படக் கூடாது என்று சொல்லை எண்ணி எண்ணி எழுதியவள் நான். என்னுடைய மரியாதையான இரண்டு வரி, முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தப் பார்க்கிறது. அப்சலைக் கையோடு இழுத்துக்கொண்டு கோபிக்குப் போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு வீட்டாரும் கடையில் இருந்தார்கள். ஒரு பக்கம் அர்த்தநாரி, எதிர்ப் பக்கம் சின்னச்சாமி, நடுவில் யாரும் எடுத்துக் குடிக்காத டீ. மாப்பிள்ளை ஜன்னலோரமாக உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிருதுளா வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். மஞ்சள் விளைகிற காடுகழனிகளுக்கு ட்ரோனில் மருந்து அடிப்பவள், காக்கிச் சட்டையில் மருந்து வாசனை போகவில்லை.

அப்சல் கிட்டுசாமியின் கணினிமுன் உட்கார்ந்தான். இரண்டே நிமிஷம். திரும்பி என்னைப் பார்த்தான், முகத்தில் சிரிப்பை அடக்குகிற பாடு.

“அண்ணா, இந்தப் பத்திரிகைய எந்தக் கோப்புல அடிச்சீங்க?”

“எப்பவும் அடிக்கறதுலதான். ‘கல்யாணம் புதுசு பைனல் ரெண்டு’.”

“அது எப்பருந்து இருக்குது?”

“இருக்குமப்பா எட்டு வருசம். லேஅவுட்டு நல்லா அமைஞ்சு போச்சு. அதையே தொறந்து பேரை மட்டும் மாத்திக்குவேன்.”

அப்சல் எல்லோரையும் பார்த்துச் சொன்னான். “மெஷின் விரலைப் பார்க்கும். அதோட, ஒரு கோப்புல எந்த எடம் எத்தனை தடவை மாறியிருக்குதுன்னும் பார்க்கும். இந்தக் கோப்புல மாப்பிள்ளை பேர் இருக்கற எடம் எட்டு வருசத்துல நானூத்திப் பதினோரு தடவை மாறியிருக்குதுங்க. அதைப் பொறுத்தவரைக்கும் இது ஒரே கல்யாணம். ஒரே பொண்ணு வீடு. வாரத்துக்கு ஒரு மாப்பிள்ளையை மாத்தறாங்க. அப்ப இந்த மாப்பிள்ளையையும் மாத்துவாங்கன்னு சொல்லாம வேற என்னங்க சொல்லும்?”

கிட்டுசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். அர்த்தநாரிக்கு நான்கு நாள் கழித்து மூச்சு வந்தது.

சின்னச்சாமி மட்டும் அசையவில்லை. “அப்பறம் ஏன் பொண்ணு பேருக்கு அப்படி வரலை? அதும் மாறிருக்குமல்ல?”

இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. “மாப்பிள்ளை பேருக்கு வந்தது அன்னைக்கு முதல் குறிப்புங்க. ஒரு நாளைக்கு ஒண்ணுக்குமேல வரக் கூடாதுன்னு வெச்சிருக்குது. தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு.”

“அப்படி வெச்சது யாருங்க?”

“நானுங்க” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டம் போட்டு நல்ல பெயர் வாங்கின காலமெல்லாம் அந்த ஒரு பார்வையில் போயிற்று.

பிரச்சினை முடிந்தது என்று நான் பையை எடுத்தேன். சின்னச்சாமி கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க. ஊருக்குப் புரியோணுமல்ல. ஒண்ணு பண்ணுவோம். புதுக் கோப்பு ஒண்ணு தொறங்க. பழசு எதும் இல்லாத கோப்பு. விரலைப் பார்த்துச் சொல்லுதுன்னீங்க, கிட்டுசாமி விரலைப் பார்த்து நமக்கென்ன ஆகப்போகுது. பொண்ணே உக்காந்து மாப்பிள்ளை பேரை அடிக்கட்டும். மஞ்சக் கட்டம் வரலைன்னா அதோட பேச்சு முடிஞ்சுது, பத்திரிகை அடிச்சிரலாம். கோயில்ல பூவாக்குக் கேக்கறமல்ல, அப்படின்னு வெச்சுக்குவோம்.”

“அது ஜோசியமில்லீங்க” என்றேன். “எழுத்துப் பிழை பார்க்கறதுக்கு வெச்சது.”

“வரலைன்னா நல்லதுதானுங்களே” என்றார் அர்த்தநாரி. பாவம், நிச்சயம் வராது என்று அவர் நம்பினார். பதினொரு தலைகளும் ஆடின. வெள்ளைப் பூவா சிவப்புப் பூவா என்று சாமிமுன் பொட்டலம் போட்டுக் கேட்கிறவர்கள், அதற்குப் பதில் என் மஞ்சள் கட்டத்தை வைத்துவிட்டார்கள்.

கிட்டுசாமி புதுக் கோப்பு தயார் செய்ய உள்ளே போனார். அப்சல் என் காதருகே வந்தான். “அக்கா, இப்ப இதுல வேற வரலாறு எதுமே கிடையாது. அந்தப் பொண்ணோட கையை மட்டுந்தான் பார்க்கும். மனசுல ஒண்ணு இருந்தா காட்டிக் குடுத்துரும். பேசாம ஆஃப் பண்ணிடட்டுங்களா?”

அணைத்தால் ஊரை ஏமாற்றுகிறோம். அணைக்காவிட்டால் பதினொரு பேர்முன் ஒரு பெண்ணின் மனத்தைப் பிரித்துக் காட்டுகிறோம். யாருடைய கையையும் இப்படிப் பார்க்க நமக்கு என்ன உரிமை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று மாதத்துக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும்.

“ஆஃப் பண்ணிரு” என்றேன்.

“வேண்டாங்க. இருக்கட்டும்.”

திரும்பினேன். மிருதுளா பக்கத்தில் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. குரலைத் தாழ்த்தி, ட்ரோன் பழுது பார்க்கிறவள் மாதிரியே விசாரித்தாள்.

“அது என்னத்தைப் பார்த்துங்க சொல்லுது?”

“தயக்கத்தை. அப்பறம் மாத்தப்போற எதையாவது அடிக்கறப்ப கை கொஞ்சம் தயங்கும். அதைப் பார்த்துச் சொல்லும்.”

“தயங்காம அடிச்சா வராதுங்களா?”

“வராது கண்ணு.”

“தமிழ்ல தினமும் ரிப்போர்ட் அடிக்கறனுங்க. எனக்குக் கை நல்லா ஓடும்” என்றாள்.

எனக்கு மனசே ஆறவில்லை. இந்தப் பெண்ணுக்கு என்னவோ குறை இருக்கிறது. அதை விரலுக்குக்கூடத் தெரியாமல் மறைத்துக்கொள்வது எப்படி என்று நானே சொல்லிக் கொடுத்துவிட்டேன். “உனக்கு இதுல இஷ்டந்தானே?” என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “நாலு மாசமாப் பேச்சு நடக்குதுங்க. இதை என்னைக் கேட்ட முத ஆள் நீங்கதான்” என்று சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

டிவியில் வெள்ளைப் பக்கம் தெரிந்தது. பதினொரு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அர்த்தநாரி துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார், சாமி கும்பிடப் போகிறவர் மாதிரி. மாப்பிள்ளை மட்டும் டிவியைப் பார்க்காமல் மிருதுளாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அடித்தாள். மாப்பிள்ளை பெயர், தகப்பன் பெயர், ஊர், படிப்பு. விட்டு விட்டு இல்லாமல், அடைமழை மாதிரி ஒரே சீராகப் போயிற்று கை. கடைசியில் ஒரு புள்ளி வைத்து நிறுத்தினாள்.

எல்லோரும் காத்திருந்தோம். மஞ்சள் கட்டம் வரவில்லை. அப்சல் தன் மடிக்கணினியில் பார்த்துவிட்டு, “மாற்ற வாய்ப்பு இல்லைன்னு காட்டுதுக்கா. சுத்தமா இருக்குது” என்று முணுமுணுத்தான்.

சின்னச்சாமி கைதட்டினார். “அவ்வளவுதானுங்க மச்சான். சந்தேகம் தீர்ந்துச்சு.” யாரோ ஆறிய டீயை எடுத்துக் குடித்தார்கள். கிட்டுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மிருதுளா நாற்காலியை விட்டு எழவில்லை. மாப்பிள்ளை பெயர்மேல் சுட்டியை வைத்து இழுத்தாள். பெயர் நீலமாயிற்று. அழித்தாள். டிவியில் அந்த இடம் வெறுமையாக நின்றது.

“என்ன கண்ணு?” என்றார் அர்த்தநாரி.

“மாத்திட்டேன்ப்பா.”

சின்னச்சாமிக்குத் திகைப்பில் கோபம்கூட வரவில்லை. டிவியைக் காட்டி, நியாயம் கேட்கிற குரலில், “அதுல ஒண்ணும் வரலியே கண்ணு” என்றார்.

“அதுக்குத் தெரியாதுங்க. எனக்குத்தான் தெரியும்.” நாற்காலியைத் திருப்பி எல்லோரையும் பார்த்தாள். “கல்யாணம் முடிஞ்சா காட்டுக்குப் போகக் கூடாது, ட்ரோனை வித்துரோணும்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பேசுனப்ப நானும் அங்கதான் இருந்தேன். எல்லாரும் தலையாட்டுனீங்க. கட்டம் வந்தப்பவே அதைச் சாக்கா வெச்சு நின்னு போயிருக்கலாம். அப்பறம் ஆயுசுக்கும், கம்பியூட்டர் சொல்லித்தான் நின்னுச்சுன்னு பேசுவீங்க. மெஷின் சொல்லி ஒண்ணும் நிக்கலை. நான்தான் வேண்டாங்கறேன்.”

“முன்னமே சொல்லிருக்கலாமே கண்ணு” என்றார் அர்த்தநாரி.

“கேக்கலியேப்பா.”

அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து சின்னச்சாமியின் முன்னால் போய் இரண்டு கைகளையும் கூப்பினார். “தப்பு என்ற மேலதானுங்க. பொண்ணு மேல இல்லீங்க” என்றார். அந்த மனிதரை எனக்கு அந்த நிமிஷம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சின்னச்சாமி வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை எழுந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. “ட்ரோனை விக்கச் சொன்னது எனக்கே தெரியாதுங்க மாமா” என்று அர்த்தநாரியிடம் சொன்னார். பிறகு மிருதுளாவிடம், “பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடியே சொன்னீங்க. சந்தோசமுங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சந்தோஷமாகச் சொன்ன மாதிரி இல்லை. ஆனால் பொய்யாகவும் சொல்லவில்லை.

நானும் அப்சலும் கோயம்புத்தூருக்குத் திரும்பினோம். கல்யாணத்தைக் காப்பாற்றப் போனோம், காப்பாற்றவில்லை. ஆனாலும் தோற்றுத் திரும்புகிற மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் அப்சல் என் மேஜைக்கு வந்து மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். முந்தைய நாளின் பட்டியலில் ஒரு வரி மட்டும் சிவப்பாக இருந்தது. கணிப்பு: மாற்ற வாய்ப்பு இல்லை. நடந்தது: அழிக்கப்பட்டது.

“அபூர்வமான கேஸுக்கா” என்றான். குரலில் அத்தனை ஆசை. “தயங்கறவங்க கையைத்தான் இதுவரைக்கும் மெஷினுக்குத் தெரியும். முடிவு பண்ணிட்டு வந்து உக்காந்தவங்க கை எப்படி இருக்கும்னு தெரியாது. இந்த ஒரு வரியைக் குடுத்துப் பழக்குனா அதையும் கத்துக்கும். தொண்ணூத்தி அஞ்சு ஆயிரும்.”

“குடுக்காதே.”

“ஏன்க்கா?”

“தயங்கறவங்களுக்குக் குறிப்பு உதவும். முடிவு பண்ணிட்டவங்களுக்கு அது எதுக்கு? அவங்க வாயைத் தொறந்து சொல்ற வரைக்கும் மத்தவங்க காத்திருக்கட்டும்.”

அப்சல் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, அந்தச் சிவப்பு வரியைத் தேர்ந்தெடுத்தான். பிறகு அதை அழித்தான். அவன் கை தயங்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.